முதல் வரைவுக்குப் பின்: நாவல் எழுதுவோர் கேட்டவை

நாவல் எழுதுவது குறித்து வாசகர்கள் கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எப்படித் தொடங்குவது என்று கேட்கவில்லை. எழுதி முடித்துவிட்டேன், இனி என்ன செய்வது என்றே கேட்டிருந்தன. ஆகவே இம்மாதப் பதில்கள், அலமாரியில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கானவை. பல ஆண்டுகளாகப் பிறர் பிரதிகளைச் செம்மையாக்கி வருபவன் என்ற முறையில் என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லாருக்கும் ஊர் மட்டுமே.

மூன்று ஆண்டுகள் எழுதி ஒரு நாவலை முடித்திருக்கிறேன்; 1,40,000 சொற்கள் வந்துள்ளன. படித்த நண்பர்கள் நால்வரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எங்கிருந்து திருத்தத் தொடங்குவது? (திருநெல்வேலி)

அந்த நண்பர்களிடம் நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனீர்கள் என்று கேளுங்கள். நால்வரில் இருவர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே ஏதோ பழுது இருக்கிறது. அவர்கள் சொல்லும் காரணம் தவறாக இருக்கலாம். சொல்லும் இடம் பெரும்பாலும் தவறாக இருப்பதில்லை.

அடுத்ததாக, பிரதியை ஒன்றரை மாதமாவது தொடாமல் வையுங்கள். பிறகு கணினித் திரையில் பார்க்காமல் தாளில் அச்செடுத்து, இயன்றால் வேறொரு எழுத்துருவில் எடுத்து, கையில் பேனா இல்லாமல் ஒருமுறை முழுவதும் படியுங்கள். நீங்கள் எழுதியது என்ற நினைவு சற்றே மங்கி, வேறு யாரோ எழுதியதைப் படிப்பது போன்ற கூச்சம் வரும் வரையில் திருத்தத் தொடங்குவதில் பயனில்லை.

இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு நோட்டில் அத்தியாயத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். எந்த ஆண்டு, எந்த மாதம், யாருக்கு என்ன வயது, அத்தியாயம் தொடங்கியபோது இல்லாத எது முடிந்தபோது உண்டாகியிருக்கிறது என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு விடை எழுத முடியாத அத்தியாயம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், பக்கத்து அத்தியாயத்தில் கரைய வேண்டும் அல்லது வெளியேற வேண்டும். நான் கண்டவரை முதல் நாவல்களில் இப்படி வெளியேறுபவை முன்பகுதியில்தான் அதிகம். ஊரின் வரலாறு, குலதெய்வத்தின் கதை, மூன்று தலைமுறை வம்சாவளி எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகே கதை மூச்சுவிடத் தொடங்கும். எழுதும் உங்களுக்கு அவை தேவைப்பட்டன. படிப்பவருக்கும் தேவையா என்பது வேறு கேள்வி. வெட்டியவற்றை அழிக்காமல் தனிக் கோப்பில் வைத்துக்கொண்டால் கை நடுங்காது.

காலத்தைக் குறித்து வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தாமிரபரணிக் கரையில் பிசானப் பருவத்து நெல் அறுவடையை ஆவணியில் நடத்திவிட்டால் உங்கள் ஊர்க்காரர்தான் முதலில் சிரிப்பார். 1950இல் நடக்கும் காட்சியில் கடைக்காரர் நயா பைசாவில் சில்லறை கொடுக்க முடியாது, ஏனெனில் அது 1957 ஏப்ரலில்தான் வந்தது. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று ஆனது 1969 ஜனவரியில். அஞ்சல் முகவரியில் பின்கோடு ஏறியது 1972 ஆகஸ்டில். இவற்றை எந்தச் செம்மையாசிரியரும் உங்களுக்காகத் தேடிக்கொண்டிருக்க மாட்டார் என்று எண்ணிக்கொண்டு நீங்களே பார்த்துவிடுவது நல்லது.

ஒற்றுப்பிழையை எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பாருங்கள். நாளை நீக்கப்போகும் அத்தியாயத்தில் வல்லினம் மிகுமா மிகாதா என்று ஒரு வாரம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டவர்களை நான் அறிவேன். அவர்களால் பிறகு அந்த அத்தியாயத்தை நீக்கவே முடியவில்லை.

என் நாவலில் கதைசொல்லி சில பாத்திரங்களை ‘அவன்’ என்றும் சிலரை ‘அவர்’ என்றும் குறிப்பிடுகிறார். சில இடங்களில் ஒரே பாத்திரத்துக்கு இரண்டும் வந்துவிட்டன. இதற்கு விதி உண்டா? (ஈரோடு)

இம்மாதம் வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தமிழில் நாவல் எழுதுபவர், ஒரு பாத்திரம் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததைச் சொல்வதற்குள்ளேயே அந்த மனிதருக்கு எவ்வளவு மரியாதை என்பதைத் தீர்மானித்துவிட வேண்டியிருக்கிறது. வந்தான், வந்தாள், வந்தார் என்பவற்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். நடுவில் நின்றுகொள்ள வினைமுற்று இடம் தருவதில்லை.

விதி என்று நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். அந்த அத்தியாயம் யாருடைய கண்வழி நடக்கிறதோ அவர் மனத்துக்குள் அந்த மனிதரை எப்படி நினைப்பாரோ, அதுவே கதைசொல்லியின் வழக்காக இருக்கட்டும். மகன்வழிச் செல்லும் அத்தியாயத்தில் ‘அப்பா எழுந்தார்’ என்றால், அதே மனிதரின் தாய்வழிச் செல்லும் அத்தியாயத்தில் அவர் ‘எழுந்தான்’ ஆகலாம். அத்தியாயம் மாறும்போது மாறினால் வாசகர் அதை நோக்குநிலையின் மாற்றமாகப் புரிந்துகொள்வார். பத்திக்கு நடுவில் மாறினால் கவனக்குறைவு என்றே எண்ணுவார். எட்டு வயதில் ‘அவன்’ ஆக வந்த சிறுவன் நாற்பது வயதில் தாசில்தாராகத் திரும்பி வரும்போதும் இதே முறைதான். ஊர்ப்பெரியவர் பார்வையில் அவன் இன்னும் ‘அவன்’; அலுவலக உதவியாளர் பார்வையில் ‘அவர்’.

கதைசொல்லி யார் கண்வழியும் பார்க்காமல் எல்லாம் அறிந்தவராக வெளியே நிற்கும் நாவல்களில்தான் சிக்கல். அறுபது வயது நிலக்கிழார் ‘வந்தார்’, அதே அறுபது வயதில் அவருடைய பண்ணையில் வேலை செய்பவர் ‘வந்தான்’ என்று எழுதப்பட்ட பிரதிகள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன. கணவர் ‘சொன்னார்’, மனைவி ‘சொன்னாள்’. அப்பா ‘சாப்பிட்டார்’, அம்மா ‘பரிமாறினாள்’. எழுதியவரிடம் கேட்டால், அப்படித்தான் பேச்சில் வருகிறது என்பார். பேச்சில் வருவது உண்மை. ஆனால் உரையாடலில் ஒரு பாத்திரம் அப்படிப் பேசினால் அது அந்தப் பாத்திரத்தின் சாதியையும் காலத்தையும் காட்டுகிறது. கதைசொல்லியின் சொந்தக் குரலில் வந்தால் அது உங்களுடையதாகிவிடுகிறது. தெரிந்து செய்தால் கலை என்று ஒப்புக்கொள்கிறேன். தெரியாமல் செய்துவிட்டு மதிப்புரையில் யாரோ சுட்டிக்காட்டும்போது திடுக்கிடுவதைத் தவிர்க்கலாம் அல்லவா?

நடைமுறையில், பாத்திரப் பட்டியல் ஒன்று தயாரித்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்த விகுதி, யாருடைய அத்தியாயத்தில் எது என்று குறித்துக்கொண்டு, கணினியில் அந்தப் பெயரைத் தேடி ஒவ்வோர் இடமாகப் பாருங்கள். ஒரே மூச்சில் எல்லா ‘அவன்’களையும் ‘அவர்’ ஆக மாற்றும்படி கணினிக்குக் கட்டளையிடாதீர்கள். ‘அவன்’ மாறும், ‘வந்தான்’ மாறாது, கடைசியில் ‘அவர் வந்தான்’ என்று அச்சேறும்.

அதே பட்டியலில் உறவுமுறையையும் சேருங்கள். நான் செம்மையாக்கிய ஒரு பிரதியில் நாயகி இரண்டாம் அத்தியாயத்தில் நாயகனின் தாயை ‘அத்தை’ என்று அழைத்தாள். பதினான்காம் அத்தியாயத்தில் ‘பெரியம்மா’ என்றாள். அத்தை மகன் முறை மாப்பிள்ளை. பெரியம்மா மகன் அண்ணன். பதினைந்தாம் அத்தியாயத்தில் இருவருக்கும் திருமணம்.

ஈழத்துப் பேச்சுவழக்கில் நாவல் எழுதியுள்ளேன். சென்னையில் வெளியிட விருப்பம். உரையாடல்களைப் பொதுத்தமிழுக்கு மாற்றச் சொல்வார்களோ, சொற்பொருள் பட்டியல் சேர்க்க வேண்டுமோ என்ற தயக்கம் இருக்கிறது. (யாழ்ப்பாணம்)

மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உங்கள் வழக்கில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று நிலைகள் உண்டு. ‘நீர்’ என்பது உங்களிடம் நண்பரும் கணவன் மனைவியரும் இயல்பாகப் பயன்படுத்தும் நடுநிலைச் சொல். இங்கே அன்றாடப் பேச்சில் அது பெரும்பாலும் இல்லை. சென்னையில் இருக்கும் ஒரு செம்மையாசிரியர் நல்லெண்ணத்துடன் அதை ‘நீ’ ஆக்கினாலும் ‘நீங்கள்’ ஆக்கினாலும் இருவருக்கிடையே உள்ள உறவே மாறிவிடும். ஆகவே பிரதியை அனுப்பும்போதே, எவையெவை வழக்குச் சொற்கள், எவற்றில் கைவைக்கக் கூடாது என்று ஒரு பக்கக் குறிப்பை இணைத்துவிடுங்கள். எடுத்துக்காட்டாக, ‘வருகினம்’, ‘சொல்லுகினம்’ போன்ற வினைமுடிவுகள் பிழைகளல்ல என்று அதில் தெளிவாக இருக்கட்டும்.

உங்கள் கையில் இருப்பது வேறொரு வேலை. ஒரே சொல்லை ஒரே விதமாக எழுதுகிறீர்களா என்று பாருங்கள். பேச்சொலிக்கு எழுத்து வடிவம் கொடுக்கும்போது ஒரு பக்கத்தில் ‘வாறன்’ என்றும் மறுபக்கத்தில் ‘வாரன்’ என்றும் வந்துவிடும். கோவையானாலும் நாஞ்சில் நாடானாலும் கரிசல் மண்ணானாலும் வட்டார வழக்கில் எழுதுபவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும். ஒலியை முழுவதுமாகப் பிடித்துவிட வேண்டும் என்ற ஆவலில் ஒவ்வொரு சொல்லையும் உடைத்து எழுதினால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க நேரிடும். சில வினைமுடிவுகளும் சில விளிகளும் போதும், மீதியை வாசகரின் காது நிரப்பிக்கொள்ளும்.

சொற்பொருள் பட்டியலைப் பொறுத்தவரை, கதையின் ஓட்டத்திலேயே பொருள் விளங்கும் சொல்லுக்குப் பட்டியல் வேண்டாம். ‘விசர்’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லாமலே எந்தத் தமிழ் வாசகரும் இரண்டாம் முறை வரும்போது பிடித்துக்கொள்வார். இயக்கங்கள், இடங்கள், உணவு, உத்தியோகப் பெயர்கள் ஆகியவற்றில் இருபது முப்பது சொற்களை நூலின் கடைசியில் தரலாம். அடிக்குறிப்பு மட்டும் வேண்டாம். அழுகைக்கு நடுவில் விளக்கவுரை கேட்பது போலிருக்கும்.

ஒரு நாவலுக்கு எத்தனை சொற்கள் இருக்க வேண்டும்? (பழனி)

தேவையான அளவு என்பதே நேர்மையான விடை. ஆனால் அச்சுச் செலவுக்கு ஒரு கணக்கு உண்டு. நாவல்களுக்கு வழக்கமான டெம்மி அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 220 முதல் 250 சொற்கள் பிடிக்கும். 16 பக்கங்கள் ஒரு பாரம். 60,000 சொற்கள் என்றால் 16 பாரத்தை ஒட்டி வரும். திருநெல்வேலி வாசகரின் 1,40,000 சொற்கள் 600 பக்கங்களைத் தொடும். அறிமுக எழுத்தாளரின் 600 பக்க நாவலுக்கு விலை வைக்கும்போது எந்தப் பதிப்பாளரும் ஒருமுறை தண்ணீர் குடிப்பார்.

வார இதழ் ஒன்றில் 42 வாரங்கள் தொடராக வந்த என் கதையை நூலாக்க விரும்புகிறேன். அப்படியே அச்சிடலாமா? (புதுச்சேரி)

அப்படியே அச்சிட்டால் அது தொடரின் தொகுப்பாகத்தான் இருக்கும். 1890களில் ‘விவேக சிந்தாமணி’யில் நாவல் வெளிவந்த காலந்தொட்டுத் தமிழ் நாவலுக்கும் பத்திரிகைக்கும் உறவு நெருக்கமானதுதான், ஆனால் வாரம் ஒருமுறை படிப்பவரும் இரண்டு நாளில் படித்து முடிப்பவரும் ஒருவரல்லர். வாசகர் மறந்திருப்பார் என்று ஒவ்வோர் அத்தியாயத் தொடக்கத்திலும் நீங்கள் நினைவூட்டியவை இப்போது அலுப்பூட்டும். அத்தியாயத்தின் கடைசி வரியில் கதவு தட்டப்படுவதும் தொலைபேசி ஒலிப்பதும் 42 முறை நடந்தால் வாசகர் கதவைத் திறக்கவே மாட்டார். அவற்றில் பாதியை நீக்கி, இரண்டு மூன்று வார அத்தியாயங்களை ஒன்றாக்குங்கள். பக்க அளவுக்காக அன்று இதழில் சுருக்கிய காட்சிகள் இருந்தால் அவற்றை விரிக்க இதுவே வாய்ப்பு. ஓவியங்கள் ஓவியருக்கு உரியவை. அவருடைய எழுத்துப்பூர்வ இசைவு இல்லாமல் நூலில் சேர்க்காதீர்கள். இதழுக்கு நீங்கள் எந்த உரிமையைக் கொடுத்தீர்கள் என்பதையும் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பிரதியை யூனிகோடில் கேட்கிறார்கள். மாற்றியபோது ஏராளமான பிழைகள் வந்துவிட்டன. ஏன்? (மதுரை)

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துகளுக்கே தனி இருக்கை உண்டு. பாமினியில் ஆங்கில ‘எம்’ இருக்கும் இடத்தில் ‘அ’ அமர்ந்திருக்கிறது. மாற்றும் மென்பொருளுக்கு எது உண்மையான ஆங்கிலம், எது தமிழாக வேடமிட்ட ஆங்கிலம் என்று தெரியாது. ஆகவே நடுவில் நீங்கள் ஆங்கில எழுத்துருவில் இட்ட பெயர்களும் குறியீடுகளும் பொருளற்ற தமிழ் எழுத்துக் குவியல்களாக மாறியிருக்கும். மாற்றுவதற்கு முன் ஆங்கிலச் சொற்களை எல்லாம் தமிழ் எழுத்தில் எழுதிவிடுவது எளிய வழி.

இன்னொன்று, கொம்பு. பழைய முறையில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் என்று சேமிக்கப்பட்டது. யூனிகோடில் ககரத்துக்குப் பின்னரே உயிர்க்குறி வரும். வரி உடையும் இடங்களில் கொம்பு அநாதையாக நிற்கும், அதன் அருகே ஒரு புள்ளி வட்டம் தெரியும். அந்த வட்டங்களைத் தேடினாலே பாதி பிழைகள் அகப்பட்டுவிடும். நேராக யூனிகோடில் எழுதுபவர்களும் ‘கௌரி’யில் ஔகாரக் குறி இருக்க வேண்டிய இடத்தில் கொம்பும் ளகரமும் இடுகிறார்கள், துணைக்காலுக்குப் பதில் ரகரம் இடுகிறார்கள். பார்வைக்கு வேறுபாடு தெரியாது, ஆனால் தேடினால் கிடைக்காது; மின்னூலில் வரியின் கடைசியில் சொல் உடைந்து நிற்கும்போதுதான் தெரியும்.

ஒரு பதிப்பகம் என் நாவலை வெளியிட 70,000 ரூபாய் கேட்கிறது. 300 பிரதிகள் தருவதாகவும், ஐஎஸ்பிஎன் (நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்) பெறும் கட்டணம் உட்பட எல்லாம் அதில் அடக்கம் என்றும் சொல்கிறார்கள். கையெழுத்திடலாமா? (சேலம்)

பணம் கொடுத்து நூல் வெளியிடுவது குற்றமல்ல. எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுப்பதுதான் வருத்தத்தில் முடிகிறது. செலவை அவர்கள் ஏற்று, உங்களுக்கு உரிமத்தொகை (ராயல்டி) தருபவர்கள் பதிப்பாளர்கள். செலவை நீங்கள் ஏற்றால் அவர்கள் அச்சுச் சேவை செய்பவர்கள். அப்படியானால் பதிப்புரிமையையோ விற்பனைப் பங்கையோ அவர்கள் கேட்பதற்கு நியாயம் குறைவு. ஐஎஸ்பிஎன் எண்ணை இந்தியாவில் வழங்குவது ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. அது அரசு அமைப்பு, கட்டணம் வாங்குவதில்லை, எழுத்தாளர் தம் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். அந்த எண்ணுக்கும் ‘கட்டணம்’ என்று சொல்லியிருப்பதைப் பார்த்தால் மற்ற செலவுகளையும் ஒருமுறை விசாரிக்கத் தோன்றுகிறது. பக்க எண்ணிக்கையையும் தாளின் தரத்தையும் சொல்லி இரண்டு அச்சகங்களில் 300 பிரதிக்கு விலைப்புள்ளி கேட்டுப் பாருங்கள். மீதித் தொகை எதற்கு என்று அதன் பிறகு பதிப்பகத்திடம் கேளுங்கள். செம்மையாக்கத்துக்கு என்றால், செய்யப்போகிறவர் யார், மாதிரிக்கு ஓர் அத்தியாயத்தைச் செய்து தருவாரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஒப்பந்தம் எதுவானாலும் சில இடங்களை விரல் வைத்துப் படியுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவு, எழுத்தாளர் பக்கம் கொஞ்சம் கருணையோடு எழுதப்பட்டிருக்கிறது. உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்து மூலமாகவும் கையொப்பத்துடனும் இருந்தால்தான் செல்லும். காலம் குறிக்கப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். நிலப்பரப்பு குறிக்கப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாத வரை அது காலாவதியாகிவிடும். இந்தக் கருணை எல்லாம் ஒப்பந்தம் மௌனமாக இருக்கும்போதுதான். ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், எல்லா வடிவங்களிலும்’ என்று ஒரே வரியில் எழுதி நீங்கள் கையொப்பமிட்டுவிட்டால் சட்டம் உங்களுக்காகப் பேச இடமில்லை. அச்சு நூல், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமை ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, அச்சு நூலுக்கு மட்டும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுங்கள். அச்சு நூலுக்கு உரிமத்தொகை விலையில் 10 விழுக்காடு என்பது பரவலான வழக்கம். அது முகவிலையிலா, கழிவு போக வந்த தொகையிலா என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கணக்குத் தர வேண்டும் என்ற வரியையும் சேருங்கள். சேர்த்தவர்களுக்கே எல்லா ஆண்டும் கணக்கு வருவதில்லை என்பது வேறு கதை.

பதிப்பாளர்களுக்கு அனுப்பினால் கதையைத் திருடிவிடுவார்களோ, பிறகு சினிமாவாக எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. முதலில் பதிவு செய்ய வேண்டுமா? (விழுப்புரம்)

பதிப்புரிமை எழுதி முடித்த கணத்திலேயே உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. உங்கள் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. பதிவு செய்வது கட்டாயமல்ல. வழக்கு என்று வந்தால் சான்றாக உதவும், அவ்வளவே. பிரதியை அனுப்பும் மின்னஞ்சலின் தேதியே நல்ல சான்று. ஆனால் சட்டம் காப்பது நீங்கள் எழுதிய எழுத்தைத்தான்; இரு சகோதரர்கள் ஒரு கிணற்றுக்காகச் சண்டையிடுகிறார்கள் என்ற கருவுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது.

திரைப்பட உரிமையை விற்ற பிறகும் எழுத்தாளரிடம் ஒன்று எஞ்சி நிற்கிறது என்பதை அறிந்துவைத்திருங்கள். இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தம் ‘ஆப் கா பண்ட்டி’ நாவலின் திரைப்பட உரிமையை விற்றுவிட்டு, படம் கதையைச் சிதைத்துவிட்டது என்று வழக்குத் தொடுத்தார். 1986இல் தில்லி உயர் நீதிமன்றம், பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு எழுத்தாளருக்குத் தரும் சிறப்புரிமை, பதிப்புரிமையை மாற்றிக்கொடுத்த பின்னும் எழுத்தாளரிடமே இருக்கிறது என்று கூறியது. தம் நற்பெயருக்கு ஊறு செய்யும் சிதைவை அவர் எதிர்க்கலாம். உங்களுக்கு இப்போது இது தேவைப்படாது. திருட்டுக்குப் பயந்து பிரதியை யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பவர்கள் என் அனுபவத்தில் ஏராளம். அவர்களுடைய பிரதிகள் திருடப்படவில்லை, படிக்கப்படவுமில்லை.

அத்தியாயத் தலைப்புகளாகத் திரைப்பாடல் வரிகளை வைக்கலாமா? (நாகப்பட்டினம்)

கவிஞர் மறைந்து 60 ஆண்டுகள் ஆகாத வரை உரியவரிடம் அனுமதி பெறுவதே பாதுகாப்பு. உரியவர் கவிஞரா, தயாரிப்பாளரா, இசைத்தட்டு நிறுவனமா என்று கண்டுபிடிப்பதற்குள் நீங்கள் அடுத்த நாவலை எழுதிவிடலாம். பாரதியார் வரிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

என் நாவலில் வரும் பெரியப்பாவை ஊரில் எல்லாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். ‘யாவும் கற்பனையே’ என்று முதல் பக்கத்தில் போட்டால் போதுமா? (தேனி)

போதாது. பெயரை மாற்றியிருந்தாலும் படிப்பவர்கள் இன்னார்தான் என்று கண்டுகொண்டால், அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றாது. நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறு பற்றியது. இறந்தவரைப் பற்றிய கூற்றும், குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் கொண்டிருந்தால், அதில் அடங்கும். பெரியப்பா செய்ததாக நீங்கள் எழுதியிருப்பது கடுமையான குற்றம் என்றால் ஒரு வழக்கறிஞரிடம் அந்தப் பக்கங்களைக் காட்டிவிடுங்கள்.

சட்டத்தை விட்டுவிட்டு நாவலாகவே பார்த்தாலும், ஒரே மனிதரை அப்படியே தூக்கி வைத்தால் பாத்திரம் வளராது. ‘உண்மையில் அவர் இப்படித்தான் செய்தார்’ என்பது உங்கள் கையைக் கட்டிப்போடும். அவருடைய தொழிலை மாற்றுங்கள், ஊரை நூறு கல் தள்ளி வையுங்கள், கோபத்தை இவரிடமிருந்தும் சிரிப்பை வேறொருவரிடமிருந்தும் எடுங்கள். பால் வியாபாரியாக இருந்தவரை அச்சகத்தில் வேலை பார்ப்பவராக ஆக்கியபோது, அவர் பேசும் விதமே மாறிவிட்டதாக ஓர் எழுத்தாளர் என்னிடம் சொன்னார். பெரியப்பாவைப் பழிவாங்க எழுதியிருந்தால் இது எதுவும் உங்களுக்கு ருசிக்காது. அந்த நோக்கம் உண்டா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான்கு பதிப்பகங்களுக்குப் பிரதியை அனுப்பி எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. ஒருவரும் பதில் சொல்லவில்லை. (காரைக்குடி)

கடிதத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் நீங்கள் அனுப்பியது நவம்பரில். சென்னைப் புத்தகக் காட்சி டிசம்பர், ஜனவரியை ஒட்டி நடப்பதால் அந்த நேரத்தில் பதிப்பகங்களில் எவரும் புதுப் பிரதியைத் தொடுவதில்லை; அச்சகத்தில் தவம் கிடப்பார்கள். பிப்ரவரி முடிந்து அனுப்புங்கள். முழுப் பிரதியை முதலில் அனுப்ப வேண்டாம்; கதை எப்படி முடிகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லும் ஒரு பக்கச் சுருக்கமும் முதல் மூன்று அத்தியாயங்களும் போதும். அதற்கு முன் அந்தப் பதிப்பகம் கடந்த இரண்டு ஆண்டுகளில் எந்த நாவல்களை வெளியிட்டது என்று பாருங்கள்; சமையலும் சோதிடமும் வெளியிடுபவர்களுக்கு நாவலை அனுப்பிவிட்டுத் தமிழ்ச் சமூகத்தின் மீது கோபப்படுபவர்கள் இருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். பிறகும் மௌனம் என்றால் அதுவே பதில்; வேறிடத்துக்கு அனுப்புங்கள்.

என் நாவல் அச்சுக்குப் போகிறது. கடைசி மெய்ப்பை (பிழை பார்க்கத் தரும் அச்சுப்படியை) மூன்று நாளில் பார்த்துத் தரச் சொல்கிறார்கள். எதைப் பார்ப்பது? (தஞ்சாவூர்)

மூன்று நாளில் கதையைப் படிக்காதீர்கள். படித்தால் வாக்கியங்களை மாற்றத் தோன்றும். மெய்ப்பில் ஒரு பத்தியை மாற்றினால் பக்கம் நகர்ந்து, வேறெங்கோ ஒரு வரி தனித்துத் தொங்கும். முந்தைய மெய்ப்பில் நீங்கள் குறித்த திருத்தங்கள் ஏறியிருக்கின்றனவா, ஏற்றும்போது புதுப்பிழை சேர்ந்ததா என்பதை மட்டும் ஒன்றுக்கொன்று வைத்துப் பாருங்கள். பிறகு அத்தியாய எண்கள் விட்டுப்போகாமல் வரிசையாக இருக்கின்றனவா, பக்கத் தலைப்பில் பழைய பெயர் எங்காவது தங்கிவிட்டதா, மேற்கோள் குறிகள் திறந்தவை மூடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒருவர் உரத்துப் படிக்க மற்றவர் பார்ப்பது பழைய முறை. இன்றும் அதற்கு ஈடில்லை.

அதன் பின் எல்லாரும் மறந்துவிடும் இடங்கள். பதிப்புரிமைப் பக்கத்தில் உரிமை உங்கள் பெயரில் இருக்கிறதா, ஐஎஸ்பிஎன் எண்ணின் 13 இலக்கங்களும் பின்னட்டைக் கோட்டுக்குறியீட்டில் உள்ளவையும் ஒன்றா, பின்னட்டை வாசகத்தில் பாத்திரத்தின் பெயர் சரியா. உட்பக்கங்களை நான்கு பேர் பார்ப்பார்கள். அட்டையை வடிவமைப்பாளர் மட்டும் பார்ப்பார், அவர் படம் பார்ப்பார், எழுத்தைப் படிக்க மாட்டார். நூலின் முதுகில் உங்கள் பெயரை எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.